குண்டூசி பிடித்த வாய்

அடி விழுந்தது முதலிலா, நான் கத்தியது முதலிலா என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மூச்சில் நடந்தவை. தனியாக உட்கார்ந்து அந்த மதியத்தை மனத்தில் ஓட்டிப் பார்க்கும்போது ஒரு நாள் என் கத்தல் முன்னால் வருகிறது. இன்னொரு நாள் அடி முன்னால் வருகிறது. உடம்பு சரியில்லாத நாட்களில் கத்தலே இல்லை, அடி மட்டும்தான்.

நான் கத்தியது சின்ன வாக்கியம். "அவ வாயில ஊசி இருக்கு!" அவ்வளவுதான். அதைக் காதில் வாங்கிக்கொண்டு என் தங்கையின் வீட்டுக்காரர் கையை வீசினாரா, வாங்குவதற்கு முன்பே வீசிவிட்டாரா என்பதுதான் கேள்வி. தெரிந்தே அடித்திருந்தால் ஜெயில். தெரியாமல் அடித்திருந்தால் அது வெறும் அறை, குடும்பத் தகராறு. அவர் ஒரு வாரத்தில் வெளியே வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். என் தங்கை உயிரோடு இருப்பாளா இல்லையா என்பது அந்த வாக்கியத்தின் மேல் நின்றது. அதைச் சொன்னவள் நான். எனக்கோ நினைவில்லை.

மற்றதெல்லாம் நினைவிருக்கிறது.

கீழே பஞ்சர் கடை, மேலே நாங்கள். நானும் அம்மாவும். ரப்பர் சூடாகிற வாசனை எங்கள் சோற்றில்கூட இருக்கும். ஜன்னல் ஓரத்தில் என் மெஷின். பெரிய துணிக்கடைக்கு வருகிற ரெடிமேடு உருப்படிகளை வாங்குகிறவர்களின் உடம்புக்குத் தகுந்தாற்போல் பிரித்து, பிடித்து, மடித்துக் கொடுப்பது என் வேலை. அடுத்தவர்களின் இடுப்பும் முழங்காலும் எனக்கு மனப்பாடம்.

அன்றைக்கு வெயில் காலையிலேயே கொன்றுகொண்டிருந்தது. தங்கை வந்தாள். வீட்டில் எல்லோரும் அவளைச் சின்னது என்றுதான் கூப்பிடுவோம். கழுத்து வரை பொத்தான், மணிக்கட்டு வரை கை, அழுத்தமான நீல நிறத்தில் ஒரு சட்டை. முதுகு முழுக்க வியர்வை பரவியிருந்தது. பையிலிருந்து ஒரு துணியை எடுத்து வெட்டுகிற மேஜையில் போட்டாள்.

"அக்கா, ஒரு கவுன் தைச்சுக் குடு. இன்னைக்கே."

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஏன், நான் போட்டா துணி அழுமா?"

வெள்ளை மல் துணி. அங்கங்கே எலுமிச்சை நிறத்தில் சின்னப் புள்ளிகள். கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இல்லை. ஊதினால் எழும்பியது.

"இதை நனைக்காம வெட்டக் கூடாது. சுருங்கும்" என்றேன்.

"நனை. என்னையும் சேர்த்து நனை. வெந்து போயிட்டேன்."

"அப்போ அந்தச் சட்டையைக் கழட்டித் தொலையேன். யாரு இருக்கா இங்க?"

அவள் மணிக்கட்டுப் பொத்தானை இறுக்கிக்கொண்டாள். நான் துணியை வாளியில் முக்கிப் பிழியாமல் கொடியில் விரித்தேன். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அது காய்ந்து, காற்றே இல்லாத இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அம்மா டீ கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அம்மாவுக்கு இடது காது கேட்காது. நாங்கள் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள் என்பது எங்களுக்குச் சுவர் எங்கே இருக்கிறது என்பது மாதிரி தெரிந்த விஷயம். ஏன் கேட்காது என்று நாங்கள் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது.

"வா, அளவெடுக்கணும். சட்டையைக் கழட்டு."

சின்னது ஜன்னலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு ஒவ்வொரு பொத்தானாக அவிழ்த்தாள்.

நான் கையில் இஞ்ச் டேப்போடு நின்றேன். இரண்டு மேல்கைகளிலும் விரல்களின் தடம். வலது கையில் புதியது, கறுப்பாக. இடது கையில் பழையது, பச்சையும் மஞ்சளுமாக. தோளுக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில், பெல்ட் பக்கிளின் நான்கு மூலைகள் தெரிந்தன. இத்தனை நாள் அவளுக்கு நான் எத்தனையோ சட்டைகள் தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பழைய சட்டை ஒன்றை அளவுக்கு அனுப்பிவிடுவாள்.

கீழே பஞ்சர்காரர் யாரையோ, "காத்து இல்லாத வண்டிய ஓட்டிட்டு வந்துட்டு என் காத்தைப் பிடுங்குறியே" என்று திட்டிக்கொண்டிருந்தார். சாதாரணமாக இதற்குச் சிரித்திருப்போம்.

"அளவெடு அக்கா" என்றாள். "அளவு மாறாது. இது வீங்குற இடம் இல்ல."

மார்பு, இடுப்பு, தோள். நான் டேப்பை எங்கே வைத்தாலும் அவள் உடம்பு ஒரு கணம் சுருங்கி, பிறகு நான்தான் என்று தெரிந்து தளர்ந்தது. கை நீளத்துக்கு டேப்பைத் தோள்முனையில் வைத்தேன்.

"கை வேண்டாம்."

"என்ன?"

"கை வைக்காத கவுன். கைக்குழியோட நிக்கணும். எல்லாம் தெரியணும்."

பிறகு அவளாகவே பேசினாள். சின்னது அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

அவள் வீட்டுக்காரர் குளிர்கிடங்கில் மேற்பார்வையாளர். மீன் பெட்டி பெட்டியாகவும், உரித்த ஆடுகள் கொக்கியிலும் உறைந்து கிடக்கிற இடம். போன மாதம் ஒரு நாள் அவள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். நேரம் கொஞ்சம் தப்பிவிட்டது. "உள்ள வா, எங்க இடத்தைக் காட்டுறேன்" என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். அவள் உள்ளே போனதும் வெளியே வந்து கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டார். அவர் மேல் கனத்த கோட்டு. அவள் மேல் மெல்லிய சட்டை.

"முதல்ல விளையாட்டுன்னு நினைச்சேன். தட்டுனேன். அப்புறம் தட்ட முடியல, விரல் மடங்கல. பல்லு தந்தியடிக்குது. சுத்தி எல்லாம் தலை இல்லாத உடம்பா தொங்குது. அதுங்களோட அதுங்களா நிக்கிறேன். எவ்வளவு நேரம்னு தெரியல. கதவைத் தொறந்து, 'இனிமே நேரத்துக்கு வருவியா?'ன்னு கேட்டார். 'வருவேன்'னு சொன்னேன்." அவள் தன் மேல்கைகளைத் தானே பிடித்துக்கொண்டாள். "அன்னையிலேர்ந்து எனக்கு வெயில் வேணும் அக்கா. தோள்ல, கையில, நேரா வெயில் படணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"போலீசுக்குப் போ" என்றேன்.

"போனேனே. ஒரு பொம்பளை போலீஸ், 'என்னம்மா விஷயம்?'னு நல்லாத்தான் கேட்டாங்க. நான், 'பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போகணும்?'னு கேட்டுட்டு வந்துட்டேன்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

"எனக்கு வாயால சொல்ல வராது. அதான் இந்தக் கவுன். நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல கிடங்குக்காரங்க எல்லாரும் குளிர் தாங்காம வாசல்ல வந்து வெயில்ல நிப்பாங்க. அவங்க முன்னாடி போய் நிக்கிறேன். அப்புறம் அங்கேர்ந்து நேரா ஸ்டேஷன். அந்தம்மா பாத்துக்கட்டும். கேள்வியே வேண்டாம். அதுக்கப்புறம் இங்கதான், உன்கூட."

நான் மேஜையில் துணியை விரித்து, சாக்கால் கோடு போட ஆரம்பித்தேன்.

மெல்லிய துணியை வெட்டுவது கனத்த துணியை வெட்டுவது மாதிரி இல்லை. கத்தரிக்கோலைத் தூக்கக் கூடாது. அதன் கீழ் அலகு மேஜையைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். தூக்கினால் துணி நழுவி, கோடு ஒரு பக்கம், வெட்டு ஒரு பக்கம் என்றாகிவிடும். முன்பாகம், பின்பாகம், கீழே இரண்டு விரிந்த துண்டுகள். கைகளுக்கான துணி ஓரத்தில் மிஞ்சியது. இரண்டு முழுக்கைகளுக்குக் கணக்காகக் காணும்.

சின்னது முகம் கழுவப் போன நேரத்தில் அம்மா வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"பெரியவளே, அந்த மிச்சத்துல முழுக்கை வெச்சுடு."

"அவ வேண்டாங்கறா."

"அவ என்ன வேணா சொல்லுவா. நீ வெச்சுக் குடுத்துட்டா போட்டுக்குவா. மாப்பிள்ளை கண்ணுல இது பட்டா என்ன ஆகும்? நாளைக்கு நாலு பேர் முன்னாடி அவரை நிக்க வெச்சா, அப்புறம் ராத்திரி அவ எங்க நிப்பா?"

"நீ எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா?"

"என் பொண்ணுங்க பேசுறது எனக்குக் கேக்காதா?" என்றாள் அம்மா. "கொஞ்சம் பொறுத்துப் போனா எல்லாம் ஓய்ஞ்சிடும். வயசானா அடிக்கிற கைக்கும் வலிக்கும்."

நான் மிச்சத் துணியை எடுத்தேன். குறுக்காக மடித்தேன். மூலைக்கு மூலை சாய்வாகக் கோடு போட்டு, விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டத் தொடங்கினேன். கைக்குழியின் ஓரத்தில் மடித்துத் தைக்கிற கிராஸ் பட்டி. அதற்கு இரண்டே பட்டை போதும். நான் நிறுத்தவில்லை. துணி முழுவதும் தீர்கிற வரைக்கும் வெட்டினேன்.

"என்னடி இது, நாடா நாடாவா ஆக்கிட்டே?"

"இனிமே யாரு சொன்னாலும் கை வைக்கத் துணி இல்லம்மா."

அம்மா அந்தப் பட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போனாள். நான் மெஷினில் உட்கார்ந்தேன். மெஷின் ஓடுகிற சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அம்மா அவருக்குப் போன் செய்திருக்கிறாள். "கோவப்படாம வாங்க மாப்பிள்ளை. நல்லதா நாலு வார்த்தை பேசிக் கூட்டிட்டுப் போங்க." அவள் சொன்னது அதுதான். பின்னால் அவளே சொன்னாள்.

இருப்பதிலேயே மெல்லிய ஊசியை மெஷினில் மாட்டியிருந்தேன். அப்படியும் மல் துணியை மெஷின் உள்ளே இழுத்து விழுங்கப் பார்க்கும். அதனால் அடியில் ஒரு மெல்லிய தாளை வைத்துச் சேர்த்துத் தைத்துவிட்டு, பிறகு தாளைக் கிழித்து எடுப்பேன். சின்னது என் பக்கத்தில் உட்கார்ந்து தாளைக் கிழித்தாள். பிசிறு தெரியாமலிருக்க ஒவ்வொரு ஓரத்தையும் முதலில் வெளியே தைத்து, திருப்பிப் போட்டு, மறுபடி உள்ளே தைத்தேன். உள்ளே பார்த்தாலும் வெளியே பார்த்தாலும் ஒரே சுத்தம். வெயில் ஏற ஏற அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "தையல் பிரிஞ்சிடாதே?" என்று கேட்டாள். "நீ பிரிஞ்சாலும் இது பிரியாது" என்றேன்.

கீழ் மடிப்பு மட்டும் பாக்கி. அதை உடம்பில் போட்டுப் பார்த்துத்தான் மடிக்க வேண்டும். கவுனை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு முன்னால் முக்காலியில் ஏறி நின்றாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மடிப்பில் ஊசி குத்தும்போது எல்லாத் தையற்காரர்களும் குண்டூசிகளைத் தங்கள் வாயில்தான் பிடித்துக்கொள்வார்கள். நாங்கள் அப்படி இல்லை. நான் தையல் பழகிய நாளில் சின்னதுதான் என் பொம்மை. ஊசிப்பெட்டி ஒரு தடவை கவிழ்ந்து, ஊசி ஒன்று அம்மாவின் காலில் ஏறிவிட்டது. அதற்கப்புறம் ஊசிகளைச் சின்னது தன் உதட்டில் பிடித்துக்கொள்வாள். நான் இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக்கொண்டு அவள் வாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பேன். கூர் உள்ளே, தலை வெளியே. அரிசிமணியில் பாதிகூட இருக்காது தலை. ஊசி தீர்கிற வரைக்கும் அவள் பேச மாட்டாள், அசைய மாட்டாள். வளர்ந்த பிறகும், கல்யாணம் ஆன பிறகும், எங்களுக்குள் அது மாறவில்லை. எங்களைத் தவிர வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அவள் உதட்டில் ஒரு வரிசை ஊசி. நான் தரையில் மண்டியிட்டு மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் குனிந்து கொடுக்க, நான் எட்டி எடுக்க, பாதிச் சுற்று முடிந்திருந்தது. ஜன்னல் வெயில் அவள் முதுகிலும் தோளிலும் நேராக விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

படியில் பூட்ஸ் சத்தம். அம்மா போய்க் கதவைத் திறந்துவிட்டு, "வாங்க மாப்பிள்ளை, டீ போடறேன்" என்று சமையலறைக்குள் நுழைந்துகொண்டாள்.

அவர் கிடங்கிலிருந்து நேராக வந்திருந்தார். கோட்டைத் தோளில் போட்டிருந்தார். அவரோடு ஒரு குளிரும் உள்ளே வந்தது.

"என்ன அக்கா, கடைவாசல் பொம்மைக்கு ஆள் கிடைக்கலையா?" என்றார் என்னைப் பார்த்து, சிரித்தபடி.

"கொஞ்சம் உக்காருங்க. முடிஞ்சிடுச்சு" என்றேன்.

அவர் உட்காரவில்லை. வெளிச்சம் அவள் பின்னாலிருந்து வந்ததால் துணிக்குள் அவள் உடம்பின் கோடு தெரிந்திருக்கும். கைகளும் தெரிந்திருக்கும். சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, கண் மட்டும் மாறியது.

"இது என்ன கோலம்? இறங்கு. போய்ச் சட்டையைப் போட்டுட்டு வா."

சின்னது அசையவில்லை.

"உன்னத்தான். யாருக்குக் காட்ட இந்த வேஷம்?"

அவள் என்னைப் பார்த்தாள். உதட்டில் ஊசிகள் மின்னவில்லை. முகம் இருட்டில் இருந்தது. அவள் நினைத்திருந்தால் கையில் துப்பியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. ஏன் துப்பவில்லை என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். "துப்பினா பேசணுமே அக்கா" என்றாள்.

"வாயைத் தொற. கேக்குறேன்ல? ஊமையா நின்னா விட்டுடுவேன்னு நினைச்சியா?"

நான் எழுந்தேன். அவர் கை எழுந்தது. நான் கத்தினேன். கை விழுந்தது. அல்லது கை விழுந்தது, நான் கத்தினேன்.

சத்தம் ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி இருந்தது. சின்னது முக்காலியிலிருந்து சரிந்து ஜன்னல் கம்பியில் மோதி விழுந்தாள். கன்னத்தில் சின்னதாக ஒரு வெள்ளி முனை எட்டிப் பார்த்தது. உள்ளேயிருந்து வெளியே. அதைச் சுற்றி ரத்தம் முதலில் ஒரு மணியாக நின்று, பிறகு ஓடியது. வாயிலிருந்து கொழகொழவென்று இன்னும் ரத்தம், எச்சில். வெள்ளைத் துணியில் மஞ்சள் புள்ளிகளுக்கு நடுவில் சிவப்புப் புள்ளிகள் விழுந்து, பெருகி, ஒன்றாகின.

அவன் நிறுத்தவில்லை. அவள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். "நடிக்கிறியா?" என்றான். முகத்தை ஜன்னல் ஓரத்தில் இடித்தான்.

தையல் ஓரங்களை அழுத்துவதற்காக இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது. அதை எடுத்து அவன் கையில் வைத்தேன். வைத்தேன் என்றால், ஒரு மடிப்பைப் பதிய வைப்பது மாதிரி, என் முழு எடையையும் கொடுத்து வைத்து அழுத்தினேன். தோல் பொசுங்குகிற நாற்றம் ரப்பர் நாற்றத்தை மீறி வந்தது. அவன் ஊளையிட்டுக்கொண்டே அவளை விட்டுவிட்டு என்னை உதைத்தான். நான் மெஷின் மேல் விழ, மெஷின் என்னோடு சேர்ந்து தரையில் விழுந்தது. என் சுண்டுவிரல் சக்கரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

அவன் மேஜையிலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தான். நான் உட்கார்ந்தபடியே கையை நீட்டித் தடுத்தேன். உள்ளங்கை கிழிந்தது. இரண்டாவது வீச்சு கவுனின் ஓரத்தில் பட்டு, சின்னதின் தொடையை ஒரு கோடாகத் திறந்தது. அவள் கத்தவில்லை. அவளால் முடியவில்லை.

அப்போது அம்மாவின் குரல் கேட்டது. வாழ்நாளில் சத்தம் போட்டுப் பேசாதவள், சமையலறை ஜன்னல் வழியாகத் தெருவே அதிரும்படி கத்தினாள். "பஞ்சர்காரரே! என் பொண்ணுங்களக் கொல்றான்! ஓடி வாங்க!" பிறகு வெளியே வந்து, கொதிக்கிற டீப் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி அவன் முதுகில் ஊற்றினாள். அவன் திரும்பி அவளைச் சுவரோடு தள்ளினான். அதற்குள் படியில் ஓடி வந்த பஞ்சர்காரர், டயரைக் கழட்டுகிற கம்பியால் அவன் முழங்காலில் ஒரே போடு போட்டார். அவன் மடங்கி விழுந்தான். அவர் அவன் முதுகின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, மூச்சிரைக்க, "அசைஞ்சே, அடுத்தது தலையிலதான்" என்றார்.

அறையில் எல்லோருடைய மூச்சும் கேட்டது.

சின்னது தரையில் உட்கார்ந்திருந்தாள். நடுங்காத விரல்களால் தன் வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். நாக்கில் குத்தியிருந்ததை எடுத்தாள். கன்னத்தில் ஏறியிருந்ததை உள்ளேயிருந்து இழுத்தாள். பிறகு, எப்போதும் வேலை முடிந்ததும் மிச்ச ஊசிகளைக் கொடுப்பதுபோல, அந்தக் கையை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். ஒன்று உள்ளே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுப்பில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு, வயிற்றின் வாசலில் குறுக்கே நின்றது. தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். டாக்டர் அதை ஒரு தட்டில் வைத்துக் காட்டி, "தையல்காரங்களுக்கு இது சகஜம்தான். இனிமேலாவது வாயில வைக்காதீங்க" என்றார். சின்னது கட்டிலிலிருந்து கையை உயர்த்தினாள். கவுனின் கைக்குழி தெரிந்தது. டாக்டர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு பேசாமல் போய்ப் போலீசுக்குப் போன் செய்தார்.

வந்தது அதே பெண் போலீஸ். சின்னதைக் கண்டதும், "பஸ் ஸ்டாண்டு கேட்டியே, நீதானே?" என்றாள். சின்னது தலையாட்டினாள்.

வழக்கு நடந்தது. அவன் வக்கீல் பழைய காயங்களைப் பற்றி அதிகம் வாய் திறக்கவில்லை. கீழே விழுந்தாள், கதவில் இடித்துக்கொண்டாள், யார் பார்த்தது என்று தாண்டிப் போனார். கத்தரிக்கோலை எடுத்தது இஸ்திரிப் பெட்டிக்குப் பயந்து, தற்காப்புக்கு என்றார். அவர் பிடித்துக்கொண்டது ஊசியை. "கணவன் மனைவியை ஒரு அறை அறைந்தார். தப்புதான். ஆனால் மனைவியின் வாயில் ஊசி இருக்கும் என்று எந்தக் கணவனுக்குத் தெரியும்? தைக்கிறவள் வாயில் இருக்கலாம். போட்டுக்கொண்டு நிற்கிறவள் வாயில் எப்படி இருக்கும்?"

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். கேட்டது அவன் வக்கீல்.

"வாயில ஊசி இருக்குன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அடிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நான் யோசித்தேன். அந்தக் கூடத்தில் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். சின்னது முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடின்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

என் வாய் திறந்தே இருந்தது. எதுவும் வரவில்லை. வக்கீல் கொஞ்ச நேரம் அந்த மௌனத்தை எல்லோரும் கேட்கும்படி விட்டுவிட்டு, "போதும்" என்றார். அவன் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அடுத்தது அம்மா. அவனைப் போன் செய்து கூப்பிட்டவள் அவள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அவளே போலீசிடம் சொல்லியிருந்தாள். அதனால் அவள் பேச்சு தனக்குச் சாதகமாக இருக்கும் என்று வக்கீல் நினைத்திருக்க வேண்டும்.

"நீங்க சமையலறையில இருந்தீங்க. என்ன கேட்டுச்சு?"

"என் பெரியவ, 'அவ வாயில ஊசி இருக்கு'ன்னு கத்தினா. அவர், 'இருக்கட்டும்'னார். அப்புறம் அடி சத்தம்."

கூடத்தில் ஒரு சலசலப்பு. 'இருக்கட்டும்.' அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

வக்கீல் சிரித்தார். அம்மாவின் இடது பக்கமாக நடந்து போய், முதுகுக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். அம்மா அசையவில்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீல் நீதிபதியைப் பார்த்துக் கையை விரித்தார். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

நீதிபதி குரலை உயர்த்தி, "அம்மா, உங்களுக்கு அந்தக் காது கேக்காதா?" என்றார்.

"கேக்காதுங்க."

"எப்பலேர்ந்து?"

அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்தாள்.

"பெரியவ வயித்துல இருக்கும்போது. எங்க வீட்டுக்காரர் அறைஞ்சார். அன்னைக்குப் போனது." சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். "அதுக்கப்புறம் நான் எந்த வேலை செஞ்சாலும் நல்ல காதைக் கதவுப் பக்கம் வெச்சுத்தான் நிப்பேன். வீட்டுக்குள்ள யார் குரல் எப்ப ஏறும்னு தெரியணுமில்ல. இந்த ஐயா அவர் வீட்ல எப்படி நிப்பாரோ தெரியாது. நான் வீட்ல எப்படி நிக்கணும்னு எனக்குத் தெரியும். நான் கேட்டேன். 'இருக்கட்டும்'னான்."

வக்கீல் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நான் சமையலறைக்குப் போய் அடுப்புக்கு முன்னால் நின்று பார்த்தேன். அடுப்பைப் பார்த்து நின்றால் அறைப் பக்கம் இருப்பது இடது காது. கொஞ்சம் திரும்பி, சுவரில் சாய்ந்து நின்றால் வலது காது. அம்மா எப்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்பாள் என்று எனக்கு நினைவு. அந்த நினைவு அன்றைக்கு முன்பும் இருந்ததா, அன்றைக்குத்தான் வந்ததா, தெரியவில்லை. அம்மா பின்னால் வந்து நின்று, "தள்ளு, டீ போடணும்" என்றாள். நான் தள்ளிக்கொண்டேன். அந்த 'இருக்கட்டும்' பற்றி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவனுக்குத் தண்டனை கிடைத்தது. அதை முழுதாக அனுபவித்துவிட்டு வெளியே வந்து, வேறு ஊரில் வேறு ஒரு கிடங்கில் வேலை செய்கிறான் என்று கேள்வி. கையில் இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருக்கிறதாம். எங்கள் பக்கம் வந்ததில்லை. என் மேல் போட்ட எதிர்வழக்கு நிற்கவில்லை. பஞ்சர்காரர் கடையைப் பெரிதாக்கியிருக்கிறார். கம்பியைத் திரும்பக் கேட்டுப் போலீசுக்கு அலைந்து, அலுத்துப்போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டார். அம்மா போன வருஷம் தூக்கத்தில் போய்விட்டாள். சின்னது என்னோடு இருக்கிறாள். கன்னத்தில் ஒரு சின்னக் குழி, பேசும்போது நாக்கு கொஞ்சம் தடுக்கும். ஆனால் முன்பைவிட அதிகம் பேசுகிறாள். கவுன் சாட்சிப் பொருளாகப் போனது, திரும்பி வரவில்லை. மிஞ்சிய கிராஸ் பட்டிகள் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொரு வெயில் காலத்திலும் அவளுக்குக் கை வைக்காத கவுன் ஒன்று தைக்கிறேன். அந்தப் பட்டிகளில் கொஞ்சம் அதன் கைக்குழிக்குப் போகும். குண்டூசிகளை இப்போது காந்தம் ஒட்டிய ஒரு தட்டில் வைத்துக்கொள்கிறோம்.